சந்தனம் வைத்த துப்பாக்கி

அவர் புதுசாக ஒரு பொருள் வாங்கி நான் பார்த்ததில்லை. காலில் போடும் செருப்புகூட வேறு யாரோ போட்டுத் தேய்த்ததாகத்தான் இருக்கும். கேட்டால், "புதுசு வாங்கறவன் கடக்காரன் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்றான் தங்கச்சி. நான் எதுக்குக் கட்டணும்?" என்பார்.

பெயரை எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகிறது, ஆனாலும் எழுதக் கை வரவில்லை. பட்டறைக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அவருடைய லேத் பட்டறை. என் வீட்டுக்காரர் அவரிடம் லேத் ஓட்டினார். பட்டறைக்குப் பின்னால் அவர் வீடு, அதை ஒட்டி ஓர் அறையில் நாங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவரை அண்ணா என்றும் அவர் சம்சாரத்தை அக்கா என்றும் கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று எழுதிவிட்டேன், அதுவும் எப்போதாவதுதான். நான் ஐந்தாவதோடு நின்றவள். மனுஷரைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. தெரியாதவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "இவ வாயில கொழுக்கட்டைய வெச்சு அனுப்சிட்டாங்க" என்று அக்கா சிரிப்பார்.

அண்ணாவுக்கு வாய் மூடாது. ஆனால் பேரம் பேசும்போது மட்டும் பேச மாட்டார். அதுதான் அவர் வித்தை. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு விரிசலோ துருவோ கண்ணில் பட்டதும் சாவு வீட்டில் உச்சுக்கொட்டுகிற மாதிரி உச்சுக்கொட்டுவார். தன் விலையை ஒரே தடவை சொல்வார். கீழே வைத்துவிட்டு நடப்பார். "பத்து அடி தங்கச்சி. பத்து அடிக்குள்ள அவனே கூப்டுவான். இதுவரைக்கும் எவனும் ஒம்பதத் தாண்டினதில்ல."

காஞ்சிபுரத்தில் கடையைக் காலி செய்த ஒரு பல் டாக்டரிடம் அப்படித்தான் அந்த நாற்காலியை வாங்கினார். சாய்கிற, சுற்றுகிற, காலால் மிதித்தால் மேலே ஏறுகிற நாற்காலி. ஏழாவது அடியில் டாக்டர் கூப்பிட்டாராம். அதைப் பட்டறைக்குள் போட்டு, சாய்ந்துகொண்டு டீ குடிப்பார். தெருப் பிள்ளைகள் "பல்லு புடுங்கற அண்ணாத்தே" என்று கத்திவிட்டு ஓடும்.

வாங்கினால் மட்டும் போதாது. அது ஓட வேண்டும். "ஓடாத சாமான் வூட்ல இருந்தா தரித்திரம்" என்பார். நின்ற கடிகாரம், சுற்றாத மின்விசிறி, தையல் விழாத மிஷின், எல்லாவற்றுக்கும் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து உயிர் கொடுத்துவிடுவார். நல்ல குணம்தான். இந்த நல்ல குணம்தான் எங்களை ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டுபோனது.

எங்கள் ஊரில் குண்டு வெடித்ததற்கு முந்தின வருஷம், ஆடி மாசம். பல்லாவரம் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை இடிக்கப்போகிறார்கள், உள்ளே இருக்கிற சாமான் சல்லிசாகப் போகிறது என்று கேள்விப்பட்டார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். வைஸ் வரவில்லை. ஒரு மரப்பெட்டி வந்தது. பஸ்ஸில் மடியில் வைத்து என் வீட்டுக்காரர்தான் சுமந்து வந்தார்.

"இன்னாது இது?" என்றார் அக்கா.

அண்ணா திறந்தார். பூச்சி அரித்த சிவப்புத் துணிமேல் ஒரு கைத்துப்பாக்கி படுத்திருந்தது. என் கைக்கு ஒரு சாண் நீளம் இருக்கும். ஆறு ஓட்டை போட்ட உருளை, அதில் கொடி கொடியாகப் பூ வேலை. வெள்ளைக் கைப்பிடியில் ஒரு விரிசல்.

"ரிவால்வர்டி. நூறு வருசத்து சாமான். கைப்புடி மெய்யாலுமே ஆனத் தந்தம்."

"மாட்டுக் கொம்பு மாதிரி கீது."

"உனக்கு இன்னா தெரியும்? மெட்ராஸ்ல இந்த மாதிரிய சேத்து வெக்கிறதுக்குன்னே பணக்காரனுங்க கீறானுங்க. கண்ணாடிப் பொட்டில வெச்சிப் பாத்துக்கினே இருப்பானுங்க. பத்தாயிரம் குடுப்பான். நான் எவ்ளோக்கு வாங்கினேன் சொல்லு?"

அக்கா பெட்டியைத் தள்ளிவைத்தார்.

"நூத்தம்பது! அறநூறு சொன்னான். எட்டாவது அடில கூப்ட்டான். இந்த பேனு சும்மா குத்தான்." என் வீட்டுக்காரர் கையில் இறக்கை இல்லாத மின்விசிறி ஒன்றும் இருந்தது.

"இதுக்கு லைசென்ஸ் கிசென்ஸ் வாணாமா?"

"சுடறதுக்குத்தான் லைசென்ஸு. இது பாக்கறதுக்கு. குண்டும் கெடையாது, விசைக் குதிரையும் மடங்கல. செத்த பாம்பு."

செத்த பாம்பு என்று சொன்னவர் சும்மா இருந்தாரா? என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரித்துப் போட்டார். ஒரு மாசம் துருத் தேய்த்தார்கள், ஸ்பிரிங் செய்தார்கள். ஒரு நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அண்ணா சிரிக்கிற சத்தம். மறுபடி டக், மறுபடி சிரிப்பு. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். செத்த பாம்பு எழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஆயுத பூஜைதான் பெரிய நாள். லேத்தைத் துடைத்து மாலை போட்டு, ஸ்பேனர் முதல் சுத்தியல் வரைக்கும் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒன்றையும் விடக் கூடாது. விட்டால் அது கோபித்துக்கொண்டு அந்த வருஷம் கையைக் கிழிக்கும் என்பார்கள். அந்த வருஷம் பலகைக்கு நடுவில் அண்ணா அதையும் கொண்டுவந்து வைத்தார்.

"அய்ய, இத்த எதுக்கு?" என்றார் அக்கா.

"இதுதாண்டி நெஜ ஆயுதம். மீதியெல்லாம் சாமானு."

அக்கா அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. "நீ வை தங்கச்சி" என்றார் அண்ணா. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெள்ளைக் கைப்பிடியில் மோதிர விரலால் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பொரி கடலை வாங்க வந்த தெரு மொத்தமும் அதைப் பார்த்தது. ஒவ்வொருவரிடமும் "நூத்தம்பது, எட்டாவது அடி" என்று அண்ணா சொன்னார். எதிரே இஸ்திரி போடுகிற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து ஊரைக் கூட்டிக் காட்டியது நாங்களாகத்தான் இருக்கும். அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை. திருப்புளிக்கும் வைத்தோம், அதற்கும் வைத்தோம்.

தை மாசம் மெட்ராஸிலிருந்து ஒருத்தர் காரில் வந்தார். அண்ணா சொன்ன மாதிரியே, பழசைச் சேர்த்து வைக்கிறவர். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடி விரிசலைத் தடவி உச்சுக்கொட்டினார். "மூவாயிரம்" என்று ஒரே தடவை சொல்லிக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

"கூப்புடுய்யா" என்றார் அக்கா.

அண்ணா வாய்க்குள் எண்ணிக்கொண்டே நின்றார். பத்து ஆனது. பதினைந்து ஆனது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"திரும்பி வருவான்" என்றார். அவர் வரவில்லை. அந்த மூவாயிரத்துக்கு அன்றைக்கே கொடுத்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மே மாசம் எங்கள் ஊர்த் திடலில் வெடித்தது எல்லாருக்கும் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் ஒரு கடை திறக்கவில்லை, பால்காரர் வரவில்லை. அப்புறம் போலீஸ் வந்தது. காக்கியில் வந்தார்கள், சாதா உடையிலும் வந்தார்கள். வாடகைக்கு யார் இருக்கிறார்கள், புதுசாக யார் வந்தார்கள், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தரைக் கூட்டிப்போனதாகக் காலையில் சொல்வார்கள். சாயந்திரத்துக்குள் அது நாலு பேராகிவிடும்.

பொரி வாங்கின ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. முப்பது வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். இதில் ஒருத்தர் வாய் தவறினால் போதும். முதலில் அண்ணாவைக் கூட்டிப்போவார்கள். அடுத்தது சுமந்து வந்தவர், கூட உட்கார்ந்து துருத் தேய்த்தவர். என் வீட்டுக்காரர் திரும்பி வருவாரா என்று யாரிடம் போய்க் கேட்பது? எனக்குத்தான் வாயே கிடையாதே. துப்பாக்கியில் ரேகை எடுப்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். சந்தனம் வைத்த விரலைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவ வேண்டியது விரலை இல்லை என்பதுகூட அந்தப் பயத்தில் தோன்றவில்லை.

"ஒண்ணும் ஆவாது. அண்ணா பாத்துக்குவார்" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார்.

தெருக்குழாயில் ஒரு நாள் இஸ்திரியம்மா அக்காவிடம் சத்தமாகவே கேட்டாள். "எங்களுக்கெல்லாம் பொரி குத்துக் காட்னியே, அத்த போலீசுக்கும் ஒருவாட்டி காட்டக் கூடாதா?" தமாஷ்தான். குடம் நிறைந்து வழிந்து எங்கள் காலை நனைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அக்கா அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தூக்கிப் போட்டுட்டு வாய்யா. வல்லக்கோட்ட முருகனுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்கினு கீறேன். செம்பரம்பாக்கம் ஏரில போட்டுட்டு வந்துரு."

"பத்தாயிரம் ரூபா சாமான்டி."

"உன் உசுரு எவ்ளோ? மொதல்ல அதுக்கு ஒரு வெல சொல்லு."

அண்ணா எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு மஞ்சப் பையில் அதைப் பழந்துணியோடு சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தண்டலத்தில் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. நானும் அக்காவும் அடுப்பே பற்றவைக்கவில்லை. மத்தியானம் வந்தார். கையில் ஒரு பித்தளைக் கூஜா. அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கூஜாவோடு சேர்த்துப் பிடித்திருந்தது மஞ்சப் பை. பைக்குள் அது.

"ஏரிக்கர மேல நின்னேன்டி. கீழ வெச்சிட்டு நடந்தேன். ஒம்பது அடி வெச்சிட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "அது என்னக் கூப்ட்டுச்சு."

"இந்தக் கூஜா?"

"கரைல ஒருத்தர் வித்துக்கினு இருந்தார். அஞ்சே ரூபா."

அக்கா கூஜாவைப் பிடுங்கி அவர் மேல் வீசினார். அதில் விழுந்த ஒடுக்கை அண்ணா அன்றைக்கே தட்டிச் சரிசெய்துவிட்டார்.

அப்புறம் அதை அந்தப் பல் டாக்டர் நாற்காலியில், சீட்டுத் தோலைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். எனக்குத் தெரியும். ஊசி நூல் வாங்கிப்போனது என்னிடம்தான்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், இரண்டு போலீஸ்காரர்கள் பட்டறைக்குள் வந்தார்கள். நான் டீ டம்ளர்களோடு பின்கதவு இடுக்கில் நின்றுவிட்டேன். இளசாக இருந்தவர் லேத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார், பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தார். வயசானவர் வெயிலில் நடந்து களைத்திருந்தார். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாய்யா, பல்லு டாக்டர் சேரா?"

"ஆமா சார். சல்லிசா வந்துச்சு."

"ஏறுமா?"

"கால்ல மிதிங்க சார்."

மிதித்தார். நாற்காலி ஏறியது. இன்னொரு தடவை மிதித்தார். உள்ளே இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நிஜமாகக் கேட்டதா, பயத்தில் கேட்டதா, இன்றைக்கும் தெரியாது. டீ என் காலில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

"லேத்துப் பட்டறைல துப்பாக்கி கிப்பாக்கில்லாம் ரிப்பேர் பண்றதா சொல்றாங்களே. நீ எப்டி?"

என் வீட்டுக்காரர் முகம் சாம்பலாகிவிட்டது. அண்ணா முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கண் போலீஸ்காரர் மணிக்கட்டில் இருந்தது.

"சார், வாட்ச் பழைய காலத்து வாட்ச் போல கீது. ஓடுதா?"

"நின்னு ஆறு மாசமாச்சு. சும்மா கட்டிக்கினு கீறேன்."

"கயட்டுங்க. பத்து நிமிசம்."

வாங்கித் திருப்பிப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். பின்மூடியைத் திறந்து ஊதினார், ஊசியால் என்னவோ நெம்பினார். காதில் வைத்துக் கேட்டு, சிரித்து, திருப்பிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? "சார், இத்தக் குடுக்கறதா இருந்தா எவ்ளோ எதிர்பாப்பீங்க?"

வயசானவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "போய்யா, மாமனார் போட்டது. குத்துட்டு வூட்டுக்குள்ள போவ முடியுமா?" எழுந்தார். இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணாவின் துணிச்சல் என்று இதை என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் பெருமையாகச் சொன்னார். இடுக்கில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அது துணிச்சல் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு மெய்யாகவே அந்த வாட்ச் வேண்டியிருந்தது. சீட்டுக்குள் இருப்பதை மறந்தார், பக்கத்தில் நடுங்குகிறவரை மறந்தார், தன்னையே மறந்தார். போலீசைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அக்காவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குச் சாயந்திரமே தையலைப் பிரித்து, அதைப் புடவைக்குள் மறைத்து என் அறைக்கு வந்தார்.

"இந்த ஆளு இத்த வுட மாட்டாரு. நான் எங்க போட்டாலும் நச்சரிச்சிக் கேட்டு எடுத்துக்கினு வந்துருவாரு. நீ எடுத்துக்கினு போ. எங்க போட்டேன்னு எங்கிட்ட சொல்லாத. உன் வூட்டுக்காரர் கிட்டயும் சொல்லாத. உன் வாயிலதான் கொழுக்கட்ட கீதே."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அப்போது வேலை இருக்கிற நாளில் நான் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு ஷெட் கட்டினார்கள். தலையில் கலவைச் சட்டி தூக்குகிற வேலை. மறுநாள் காலை, தலையில் சும்மாடு கட்டுகிற துணிக்குள் அதைச் சுருட்டி, பையில் பழைய சோற்றுத் தூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நடந்தேன். ரோட்டு முனையில் போலீஸ் நின்றிருந்தது.

"நில்லும்மா. பைல இன்னா?"

வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

"உன்னத்தான். எங்க போற? பேர் இன்னா?"

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அவர் தூக்கை எடுத்துத் திறந்தார். நீர்ச்சோறும் சுட்ட கருவாடும். மூடினார். அடியில் இருந்த துணிமேல் கையை வைத்தார்.

"வுடுய்யா, ஊமை போல கீது" என்றார் கூட நின்றவர். "சித்தாளு. அது சும்மாட்டுத் துணி."

கையை எடுத்துவிட்டார். அங்கிருந்து கம்பெனி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அன்றைக்குத் தூண் குழிகளுக்குக் கான்கிரீட். கல் குவியலுக்கு மறைவில் உட்கார்ந்து துணியைப் பிரித்தேன். கைப்பிடி விரிசலுக்குள் நான் வைத்த குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது. சட்டியில் வைத்து, மேலே ஒரு கை கலவையை அப்பி, வரிசையில் நின்றேன். அள்ளிப் போடுகிறவர் அதன்மேல் மண்வெட்டியால் இரண்டு வெட்டுக் கலவை போட்டார். சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டேன். குழி ஓரம் போய்க் கம்பிகளுக்கு நடுவில் கவிழ்த்தேன். ணங் என்று ஒரு சத்தம்.

மேஸ்திரி நிமிர்ந்தார். "இன்னாது, கல்லா?"

நான் தலையாட்டினேன். அடுத்த சட்டி அதன்மேல் விழுந்தது.

அண்ணா வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினார். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கிழிந்த சீட்டில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "எவனோ ஒத்தப் பைசா குடுக்காம தட்டிக்கினு பூட்டான். என்னவிடக் கில்லாடி" என்றார். குரலில் கோபம் இல்லை, மரியாதை இருந்தது. வருஷக்கணக்காக ஜீப் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் பழைய சாமான் வாங்குவதை நிறுத்தவே இல்லை.

கடைசிக் காலத்தில் அவருக்கு மூச்சு முட்டும், படுக்க முடியாது. அந்தப் பல் டாக்டர் நாற்காலியை வீட்டுக்குள் போட்டு அதிலேயே சாய்ந்து கிடந்தார். அக்கா முன்னாலேயே போய்விட்டார். என் வீட்டுக்காரரும் இல்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் மருமகள் காபி போட உள்ளே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தங்கச்சி. அது எவ்ளோக்குப் போச்சு?"

இத்தனை வருஷமும் என்மேல்தான் சந்தேகம். நான் எடுத்து விற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே என் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறார். என் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"விக்கலண்ணா" என்றேன். "ஒரகடம் ரோட்டுக் கம்பெனில, தூணுக்குள்ள கீது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவில்லை. மருமகளைக் கூப்பிடலாம் என்று எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தேன். ஐந்தாறு அடி வைத்திருப்பேன்.

"தங்கச்சி."

திரும்பினேன். கண் திறந்திருந்தது. பழைய சாமானைக் கையில் எடுத்துப் பார்க்கிற அதே கண்.

"எந்தத் தூணு?"

நான் சொல்லவில்லை. பயம்தான். சொல்லியிருந்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கம்பெனி இப்போது மூடிக் கிடக்கிறது. ஷெட்டை விலை பேசுகிறார்களாம். ரொம்பப் பழசு, சல்லிசாகப் போகுமாம். வாங்குகிறவர் அடியோடு தோண்டிவிட்டுப் புதுசாகக் கட்டுவாராம். பஸ் அந்தப் பக்கம் போகும்போது என் கண் தானாகத் தூண்களை எண்ணுகிறது. வடக்கு மூலையிலிருந்து ஒன்று, இரண்டு. அதோடு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.